காலில் எரியாத உப்பு

என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது அவரைத் தவிர எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பால்காரருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரருக்குத் தெரியும். நான் பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவரிடம் கேட்டால் மட்டும், "லேசா இருந்துச்சு, இப்ப போயிடுச்சு" என்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் மாதிரி அத்தனை நிம்மதியாகச் சொல்வார்.

மரக்காணம் உப்பளத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். குத்தகைக்காரர் என்றால் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பவர் என்று நினைக்க வேண்டாம். கூலிக்கு வருகிறவர்களோடு தானும் இறங்கி வேலை செய்கிறவர். நான் வேலை பார்ப்பது அரசுத் தொடக்கப்பள்ளியில். ஏதாவது மழுப்ப வேண்டியிருந்தால் என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே இவர் ஏதோ மறைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நோய் தெரிய வந்ததே எங்கள் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில்தான். பெஞ்சுகளைத் தூக்கிப் போட ஆள் வேண்டுமென்று இவரை வரச் சொல்லியிருந்தேன். வேலை முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றவரை, "சும்மாதான நிக்கிறீங்க, விரலைக் காட்டுங்க" என்று நர்ஸ் கூப்பிட்டார். ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்துப் பார்த்தவர், இன்னொரு விரலைக் கேட்டார். இரண்டாவது முறையும் அதே கதைதான்.

"காலையில இன்னா சாப்ட்டீங்க?"

"டீதான்."

"டீ மட்டுமா?"

"டீயும் பன்னும். அதனாலதான் காட்டுது. பன்னு சாப்பிடாம வந்திருந்தா காட்டியிருக்காது" என்றார்.

அந்தப் பன்னின் மேல் போட்ட பழியை அவர் ரொம்ப நாள் இறக்கவில்லை. சுகாதார நிலையத்தில் மறுபடி சோதித்து, டாக்டர் உட்கார வைத்துப் பேசி, மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகும் வழியெல்லாம் பன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இத்தனைக்கும் அதற்கு முன்பே ஒரு வருடமாகத் தண்ணீர்ச் சொம்பும் கையுமாகத்தான் இருந்தார். வெயிலில் வேலை செய்கிற ஆள், தாகம் எடுக்காதா என்று நாங்கள் எல்லாரும் அதை வெயிலின் கணக்கில் எழுதிவிட்டோம். உப்பளத்தில் தாகம் எடுக்கிறது என்று யாராவது சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

மாத்திரை மாதாமாதம் இலவசமாகவே கிடைத்தது. வாங்கி வருவது என் வேலை, விழுங்குவது அவர் வேலை. இந்தச் சின்ன வேலைப் பங்கீட்டைக்கூடக் கெடுக்கப் பொம்மையார்பாளையத்திலிருந்து அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். எனக்கு நாத்தனார். நல்ல மனசுக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வைத்தியத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

"மாத்திரைய ஆரம்பிச்சிட்டா வுடவே முடியாதும்மா. கிட்னிய புடிச்சிக்கும். எங்க பக்கத்து வூட்டுக்காரரு மாத்திரை போட்டுப் போட்டுத்தான் இப்ப டயாலிசிஸ்ல கெடக்குறாரு" என்றார்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைப் போடாமல் விட்டுத்தான் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டார். அவருடைய மனைவியே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். இதைச் சொன்னால், "அது அப்படித்தான் சொல்லுவாங்க" என்று அக்கா முடித்துவிட்டார். பையிலிருந்து ஆவாரம்பூப் பொடி, நாவல்கொட்டைப் பொடி, சிறுகுறிஞ்சான் பொடி என்று ஒவ்வொரு டப்பாவாக வெளியே வந்தது. எனக்கு இலையோடும் கொட்டையோடும் எந்தப் பகையும் இல்லை. பொடியையும் சாப்பிடுங்கள், மாத்திரையையும் சாப்பிடுங்கள் என்றேன். அவர் பொடி சாப்பிட்ட தைரியத்தில் மாத்திரையை விட்டார். அதே தைரியத்தில் பிரம்மதேசத்தில் என் தம்பி மகள் கல்யாணத்தில் ஜாங்கிரியும் சாப்பிட்டார்.

இதற்கெல்லாம் மேலே, ரத்தப் பரிசோதனைக்கு அவர் தயாராகும் அழகு ஒன்று இருந்தது. பரிசோதனைக்குப் போகும் வாரம் வந்தால் வீட்டில் ஒரு சாமியார் குடியேறிவிடுவார். சோறு வேண்டாம், டீ வேண்டாம், கேழ்வரகுக் களியும் கீரையும் போதும். பீச் ரோட்டில் வாக்கிங் வேறு. முடிவு நன்றாக வரும். வந்ததும் அதை எல்லாரிடமும் காட்டிவிட்டு நேரே டீக்கடைக்குப் போய்விடுவார். நான் பாடம் நடத்துகிறவள். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குள்ளேயே ஒன்று இருக்கும் என்று நினைக்கவில்லை.

டாக்டரும் அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருப்பார் போல. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை ஒன்றை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் களி தின்று அதை ஏமாற்ற முடியாது. சாமியார் மாட்டிக்கொண்டார்.

"லேப்புல தப்பா போட்டிருப்பாங்க" என்றார்.

அன்றைக்குத்தான் அவரை உட்கார வைத்து, மூன்றாம் வகுப்புக்குச் சொல்வது போலவே சொன்னேன். சர்க்கரை என்பது இனிப்பு தின்றதால் வந்து, தின்னாவிட்டால் போய்விடுவது இல்லை. சாப்பிட்டதை உடம்புக்குள் சேர்க்க வேண்டிய வேலை சரியாக நடக்கவில்லை, அதனால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்குகிறது. தங்கினது சும்மா இருக்காது. ரத்தம் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் போய் மெல்ல மெல்லக் கெடுக்கும். கண்ணுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இதயத்தைக் கெடுக்கும், காலில் ஓடுகிற நரம்பைக் கெடுக்கும். டாக்டரிடம் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி டீச்சரம்மா. எனக்கு ஒண்ணும் வலிக்கலயே" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். இது பல்வலியாக இருந்திருந்தால் முதல் நாளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வாசலில் போய் நின்றிருப்பார். வலிக்காத நோயை ஒரு மனிதனுக்கு எப்படிப் புரிய வைப்பது? வலித்தால் எனக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்திருக்கும். எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தியே கத்த வேண்டியிருந்தது.

உப்பளத்து வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மழைக்காலம் முடிந்து, தேங்கிய தண்ணீர் வடிந்ததும் பாத்திகளை மிதிக்க ஆரம்பிப்பார்கள். களிமண் தரையை ஈரத்தோடு காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். எங்காவது ஓரிடம் மெத்தென்று விட்டுப்போனால், பிற்பாடு உப்பு வாரும்போது பலகை அங்கே மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். எந்த இடம் கெட்டி, எந்த இடம் மெத்து என்பது உள்ளங்காலுக்குத்தான் தெரியும். செருப்புப் போட்டால் தெரியாது, அதோடு செருப்புத் தடம் விழுந்தால் மிதித்ததும் வீணாகும். அதனால் செருப்போடு பாத்தியில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். ஆட்கள் மிதித்து முடித்த பிறகு பாத்திக்குப் பொறுப்பானவர் இறங்கி, கடைசியாக ஒரு சுற்று மிதித்துப் பார்த்து, "தண்ணி வுடலாம்" என்று சொல்வார். அதற்கப்புறம்தான் உப்புத்தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். எங்கள் பாத்திகளில் அந்த வார்த்தையைச் சொல்கிறவர் இவர்.

டாக்டர் சொன்னதோ, வெறுங்காலோடு வீட்டுக்குள்ளேகூட நடக்கக் கூடாது என்று. சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் புண் வந்தால் சீக்கிரம் ஆறாது, காலைத் தினமும் பார்க்க வேண்டும் என்றார். நான் புதுச்சேரிக்குப் போய் மெத்தென்ற அடி வைத்த கறுப்பு ஷூ ஒன்று வாங்கி வந்தேன். மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொண்டார். தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுத்தார், சாயங்காலம் அதோடுதான் வந்தார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் பருவம் தொடங்கியபோது வீட்டில் ஒரே பெருமை. முதல் சில வாரங்கள் உப்புத்தண்ணீர் பட்டால் எல்லாருக்குமே கால் எரியும். வெடிப்பிலும் கீறலிலும் உப்பு ஏறி, சாயங்காலமானால் தேங்காயெண்ணெயும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். இவரும் வருடா வருடம் முனகியவர்தான். அந்த வருடம் ஒரு முனகலும் இல்லை.

"காலு பழகிடுச்சு. இத்தினி வருஷம் கழிச்சு இப்பதான் உப்பு என்னைய ஏத்துக்கிச்சு" என்றார்.

எங்கள் பாத்தியில் வேலைக்கு வரும் கணவனும் மனைவியும் இரண்டு பேர் உண்டு. ரொம்ப வருடமாக எங்களோடு இருப்பவர்கள். அவர்களும், "அண்ணனுக்கு இரும்புக் காலு" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை என்னிடம் வந்து சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்த வருடம் எங்கள் உப்பு மண் கலந்து வந்தது. பக்கத்துப் பாத்திகளில் எல்லாம் வெள்ளை வெளேரென்று குவிந்திருக்க, எங்கள் குவியல் மட்டும் அழுக்காக நின்றது. வாங்க வந்தவர்கள் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அடுத்த குவியலுக்குப் போனார்கள். இவர் முதலில் களிமண்ணைத் திட்டினார். பிறகு தை மாதத்தில் பெய்த மழையைத் திட்டினார். பலகை இழுத்தவர்களைத் திட்டினார். திட்ட வேறு யாரும் கிடைக்காதபோது, மிதிப்பு நடந்த நேரத்தில் நான் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு மாத்திரை போட்டீங்களா என்று கேட்டதால் கவனம் சிதறிவிட்டது என்றார். அப்படியாவது நான் கேட்டது காதில் விழுந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம், மிதிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானே உப்பளத்துக்குப் போனேன். போன உடனே கண்ணில் பட்டது ஷூதான். வரப்பின் மேல், கோயில் வாசலில் விட்ட மாதிரி ஜோடியாக இருந்தது. உள்ளே காலுறையைச் சுருட்டி வைத்திருந்தார். ஒரு வருடம் போட்டும் அடி தேயவே இல்லையே, நல்ல கம்பெனி ஷூ என்று நான் பள்ளியில் சக ஆசிரியைகளுக்கு வேறு சிபாரிசு செய்திருந்தேன்.

இவர் பாத்தியில் கடைசிச் சுற்றை முடித்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வரும் அந்தக் கணவனும் மனைவியும் ஓரமாக நின்றிருந்தார்கள். "கெட்டியாயிடுச்சு. தண்ணி வுடலாம்" என்றார் இவர்.

சாப்பாட்டுப் பையை வரப்பில் போட்டுவிட்டு, செருப்பை உதறிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். நடுப் பாத்தியில் நிற்க வைத்துச் சண்டை போடுவது என்று முடிவு. ஆனால் அவரை நெருங்குவதற்குள் என் கால் அமுங்கியது. பிசைந்த மாவில் விரல் வைத்தது போல் உள்ளே போனது. இரண்டடி தள்ளி வைத்தேன், அங்கேயும் அமுங்கியது.

"இன்னாங்க இது, இங்க மெத்துனு இருக்குதே" என்றேன்.

"எங்க?"

"இங்கதான். நான் நிக்கிற எடத்துல."

வந்தார். நான் நகர்ந்துகொண்டேன். என் கால் வைத்த இடத்திலேயே தன் காலை வைத்து அழுத்தினார். "கெட்டியாத்தான இருக்குது" என்றார்.

என் குதிகால் பதிந்த பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவர் கால் பதிந்த பள்ளத்திலும் ஊறியது. அதைக் குனிந்து பார்த்தார். மறுபடியும் காலை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். "கெட்டியாத்தான் இருக்குது" என்று இரண்டாவது முறை சொன்னபோது குரல் இறங்கிவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கணவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன வருடமே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கடைசிச் சுற்று மிதித்து அவர் கெட்டி என்று சொல்லிவிட்ட பிறகு, இல்லை மெத்து என்று யார் சொல்வது? அது அங்கே வழக்கம் இல்லை. ஒரு வருட உப்பு மண்ணாகப் போனாலும் மரியாதை போகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. எல்லார் மேலும் பட்டேன்.

வரப்புக்கு ஏறியதும், "காலைத் தூக்குங்க" என்றேன்.

"எதுக்கு?"

"தூக்குங்கன்னா தூக்குங்க."

தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவினேன். வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கிளிஞ்சல் துண்டு ஏறியிருந்தது. சுற்றியிருந்த தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. அன்றைக்குக் குத்தியது இல்லை. அதன் மேலேயே நடந்து, அதன் மேலேயே மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொன்ன பிறகு விரலை விட்டு அதைப் பிடுங்கிப் போட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வேறு யாருடைய காலிலிருந்தோ எடுப்பது போல எடுத்தார்.

"உப்புத்தண்ணில நின்னா தானா ஆறிடும். எரியவே இல்ல பாரு" என்றார்.

"எரியலன்னாதான்யா பயப்படணும்" என்று கத்தினேன். அத்தனை வருடக் குடித்தனத்தில் அவரை நான் 'யா' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த டாக்டர் அம்மா, தூண்டில் நைலான் நரம்பு மாதிரி மெல்லிசாக ஒன்றை எடுத்தார். "ஐயா, கண்ண மூடிக்குங்க. கால்ல இது படுறப்பலாம் ஆமான்னு சொல்லுங்க" என்றார். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆமா." மறுபடியும், "ஆமா." ரயில் போகிற தாளத்தில் சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் அம்மா கையை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இவர் அப்போதும், "ஆமா" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சர்க்கரை என்றால் களி தின்று ஏமாற்றலாம், நரம்பு என்றால் ஆமாம் போட்டு ஏமாற்றலாம். யாரை ஏமாற்றுகிறோம் என்று மட்டும் கணக்கில்லை.

டாக்டர் அம்மா கோபப்படவில்லை. இரண்டு காலிலும் கணுக்கால் வரை உணர்வு போய்விட்டது, இது பல வருட வேலை, போனதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம் என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் மேற்கொண்டு மோசமாவதைத் தடுக்கலாம், கண்ணையும் சிறுநீரகத்தையும் வருடா வருடம் பார்த்துவிட வேண்டும் என்றார். "வலிங்கறது ஒரு காவல்காரன் ஐயா. உங்களுக்கு அவன் இல்ல. இனிமே கண்ணாலதான் பாத்துக்கணும்" என்றார். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஆறும்வரை அந்தக் காலை ஊன்றவே கூடாது என்று அனுப்பினார்கள்.

ஊன்றக் கூடாது என்பதற்கு இவர் எடுத்துக்கொண்ட அர்த்தம், கட்டு நனையக் கூடாது என்பது. நான் பள்ளிக்குக் கிளம்பியதும், கட்டுக்கு மேல் பாலித்தீன் பையைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போயிருக்கிறார். நான் வருவதற்குள் வந்து பாயில் படுத்துக்கொள்வார். சாயங்காலம் காலைப் பார்க்கலாம் என்றால், "பொண்டாட்டி காலைப் புடிச்சிக்கினு ஒக்காந்தா பாக்குறவன் இன்னா நெனப்பான்?" என்று போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். கடைசியில் நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது. காய்ச்சலோடு அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோது, கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அடித்துவிடுவேன் போல இருந்தது.

கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

அதோடு நின்றதே பெரிது என்றார்கள். இன்னொரு முறை இப்படி வந்தால் பாதம் போகும், அதற்கு மேலும் போகலாம் என்று டாக்டர் அம்மா என்னிடம் தனியாகச் சொல்லவில்லை. அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டே சொன்னார். அதற்காக அந்த அம்மாவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, "அந்த மாத்திரை சூடுதான்" என்றார். நான் எழுந்து கேன்டீனுக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரையை ஒழுங்காகப் போட்டார், காலையில் ஊசியும் போட்டுக்கொண்டார். சாயங்காலம் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலை நான் பார்க்கவும் விட்டார். இனிமேல் எனக்கு நிம்மதி என்றுதான் நினைத்தேன். ஒருநாள் டீக்கடையில் நின்று அவர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மூட்டை ஏத்தறப்ப லாரி பின்னால வந்துடுச்சு. வெரலு நசுங்கிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உப்பளத்திலும் அதே லாரிக் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தே இராத அந்த டிரைவரை ஊரே திட்டிக்கொண்டிருந்தது.

"எதுக்கு இந்தப் பொய்யி? காலு மரத்துடுச்சுன்னு சொன்னா இன்னா?" என்று வீட்டில் கேட்டேன்.

காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு, "காலு மரத்துப்போனவன் சொல்லி எவன் தண்ணி வுடுவான்?" என்றார்.

அப்போதுதான் இவ்வளவு நாளும் அவர் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை. அடுத்த மிதிப்பு வரும், ஆட்கள் கூப்பிடுவார்கள், லாரிக் கதையை நம்புகிறவர்கள் முன்னால் இவர் மறுக்க மாட்டார், ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்குவார். ஒரு கிளிஞ்சல் போதும். நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத காலைத் தடவிக்கொண்டிருக்கும் இவரை நான் கண் முன்னால் பார்த்தேன்.

"நீங்க சொல்லலன்னா நான் போயி சொல்லிடுவேன். காலு போச்சுன்னா அப்புறம் தண்ணி வுடலாம்னு எங்கேர்ந்து சொல்லுவீங்க?" என்று மாதக்கணக்கில் சண்டை போட்டேன். சாப்பாட்டில் உப்பு கூடினாலும் சண்டை கடைசியில் அங்கேதான் போய் முடியும். அவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இந்த வருடம் மழை விட்டு, தண்ணீர் வடிந்து, மிதிப்பு ஆரம்பித்தது. கடைசிச் சுற்று என்றைக்கு என்று, பாத்தியில் வேலைக்கு வரும் அந்தப் பெண்ணிடம் போனில் கேட்டு வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை. அவருக்கு முன்னாலேயே போய் வரப்பில் நின்றுகொண்டேன். என்னென்ன சொல்லித் தடுக்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். கேட்காவிட்டால் சட்டையைப் பிடித்து இழுப்பது என்றும் முடிவு செய்திருந்தேன்.

ஷூவோடு வந்தார். வரப்பில் நின்றார். அந்தப் பெண்ணும் அவள் கணவனும் மிதித்து முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். "எறங்கி ஒரு வாட்டி மிதிச்சிப் பாத்துடுங்கண்ணா" என்றார் கணவன்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"என் காலுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. சுகர்ல மரத்துப் போயிடுச்சு. வெரலு போனதும் அதனாலதான், லாரிலாம் இல்ல. நீங்களே மிதிச்சிப் பாத்து சொல்லுங்க."

சத்தமாகவும் சொல்லவில்லை, மெதுவாகவும் சொல்லவில்லை. நாளைக்கு வேலை இல்லை என்று சொல்வது போலச் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவன் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த மனைவிதான் பேசினார். "அந்த மூலையில இன்னும் மெத்துனு இருக்குதுண்ணா. நாளைக்கு இன்னொரு வாட்டி மிதிச்சிட்டு வுடலாம்."

"சரி, மிதிங்க" என்றார். எந்த மூலை என்றுகூடக் கேட்கவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார்.

இந்த வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை நாளும் தொண்டை கிழியக் கத்தினேன். நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, முன்பு போலவே கெட்டி என்று சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றார் அவர். "நீ சொல்லச் சொன்னதத்தான சொன்னேன்."